சந்தா கட்டித் தச்சு வேலை கற்பது: பழனி மலையிலிருந்து ஒரு விமர்சனம்

மாதாமாதம் காசு கட்டி, வீட்டில் உட்கார்ந்தபடியே தச்சு வேலை கற்றுக்கொள்ளலாம் என்பது இணையம் வந்த பிறகு பிறந்த யோசனை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1678-ல் லண்டனில் ஜோசப் மாக்சன் என்ற அச்சுக்காரர் 'மெக்கானிக் எக்சர்சைசஸ்' என்று ஒரு தொடரை மாத வெளியீடாகக் கொண்டுவர ஆரம்பித்தார். முதலில் கொல்லு வேலை, அப்புறம் தச்சு, கடைசல் என்று தொழில் தொழிலாகப் போகும். வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் தச்சர்கள் இல்லை. ஆர்வத்துக்காகப் படித்த கனவான்களும் உண்டு. ரசமான விஷயம் என்னவென்றால், மாக்சன் தன் முன்னுரையிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறார்: கைத்தொழிலைச் சொல்லால் கற்பிக்க முடியாது, பழகித்தான் வரவைக்க வேண்டும். விற்கிற பொருளின் முதல் பக்கத்திலேயே இது முழுசா வேலை செய்யாது என்று எழுதி வைத்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

முந்நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அச்சுக்குப் பதில் காணொளி வந்துவிட்டது. மாக்சன் சொன்னது இன்னும் பொருந்துமா என்பதுதான் இந்தக் குறிப்பின் கேள்வி. அதிலும் குறிப்பாக, இந்தக் காணொளிப் பத்திரிகைகளைக் கொடைக்கானல் பக்கத்தில், பழனி மலையில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவருக்கு அவை என்ன செய்கின்றன, என்ன செய்யாமல் விடுகின்றன?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 'ஃபைன் வுட்வொர்க்கிங்' பத்திரிகை 1975-ல் வந்தது. 1979-ல் ராய் அண்டர்ஹில் பொதுத் தொலைக்காட்சியில் 'தி வுட்ரைட்ஸ் ஷாப்' என்று கைக்கருவிகளை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார். 1989 முதல் 2009 வரை நார்ம் ஏப்ரம் 'நியூ யாங்கி வொர்க்ஷாப்' நடத்தினார். அது முழுக்க மெஷின் வேலை. 2006-ல் மார்க் ஸ்பாக்னுவாலோ 'தி வுட் விஸ்பரர்' என்று இணையத்தில் காணொளி போட ஆரம்பித்து, பிறகு அதில் 'கில்ட்' என்று ஒரு கட்டணப் பிரிவும் வந்தது. ஷானன் ராஜர்ஸ் 'ஹேண்ட் டூல் ஸ்கூல்' என்று செமஸ்டர் செமஸ்டராகப் பிரித்து நடத்துகிறார். 2012-ல் இங்கிலாந்துக்காரர் பால் செல்லர்ஸ் 'வுட்வொர்க்கிங் மாஸ்டர்கிளாசஸ்' ஆரம்பித்தார். கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் விரிவாகப் பேசப் போகிறேன். கைக்கருவி மட்டும் வைத்திருப்பவருக்கு, சின்ன வீட்டில் இருப்பவருக்கு, கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் இருப்பவருக்கு மற்றவற்றைவிட இது ஒத்துவரும் என்பது காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைப் புரட்டிப்போட்டபோது மரங்கள் சாய்ந்து மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்துக்கொண்டால், டேபிள் சா வைத்துச் சொல்லித்தருகிற பாடம் இங்கே எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

செல்லர்ஸின் பலம் முதலில். ஒரு பெட்டியோ ஸ்டூலோ செய்வதைச் சில பகுதிகளாகப் பிரித்து, வேலையின் நிஜமான வேகத்திலேயே காட்டுகிறார். கத்தியால் கோடு போடுவதை அவர் 'நைஃப்வால்' என்பார். நான் கத்திச் சுவர் என்று வைத்துக்கொள்கிறேன். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் அறுப்பது என்ற குழப்பத்திலேயே அரை நூல் போய்விடும். (நம் ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று.) கத்தியால் கீறி, கழிவுப் பக்கத்தில் உளியால் லேசாகச் சரிவெடுத்துவிட்டால், மரத்திலேயே ஒரு குட்டிச் சுவர் நிற்கும். ரம்பம் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நேராக இறங்கும். இந்த ஒரே உத்தியைக் கற்றுக்கொண்டதற்கே சந்தா செரித்துவிட்டது என்று சொல்வேன்.

இரண்டாவது, அவருடைய சிக்கனம். மூன்றே மூன்று இணைப்பும் பத்துக் கருவியும் இருந்தால் போதும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. காடி, துளையும் கழுந்தும், புறாவால். காடியின் அடியைச் சமமாக்க ரவுட்டர் இழைப்புளி வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை கண்ணைக் கட்டும். அதற்கும் வழி சொல்கிறார்: ஒரு கட்டையில் சாய்வாகத் துளை போட்டு, இருக்கிற உளியையே அதில் செருகி, முனை மட்டும் கீழே நீட்டும்படி வைத்தால் அதுவே ரவுட்டர். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. சாணை பிடிப்பதில் 250, 600, 1200 என்று மூன்று வைரத்தகடு, கடைசியில் தோல்பட்டை, அவ்வளவுதான். தகட்டில் தண்ணீருக்குப் பதில் கார் கண்ணாடி துடைக்கிற திரவத்தை அடிப்பார். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. துருப்பிடிக்காது என்பதால் இப்போது நானும் அதைத்தான் அடிக்கிறேன்.

சரி, குறைக்கு வருவோம்.

முதல் குறை அவருடையது அல்ல, வடிவத்துடையது. பார்ப்பதால் கை பழகிவிட்டது போன்ற ஒரு மயக்கம் வருகிறது. இதை 2018-ல் மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 'சைக்காலஜிக்கல் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டு நிற்க நிற்க விரிப்பை உருவுகிற வித்தையின் காணொளியைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு இருபது தடவையும் போட்டுக் காட்டினார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்குத் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை கூடியது. ஈட்டிக் குறி எறிவது, மூன்வாக் நடனம் என்று நிஜமாகச் செய்யவைத்துப் பார்த்த சோதனைகளில் திறமை கூடவே இல்லை. இன்னொரு சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஜக்ளிங் காணொளி பார்த்து நம்பிக்கை ஏறியவர்களின் கையில் அந்தக் கட்டைகளைக் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னவுடன் நம்பிக்கை இறங்கிவிட்டது. எறியக்கூட இல்லை, கையில் பிடித்ததற்கே! எடையும் பிடியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டேவிட் பை என்ற ஆங்கிலேயர் 1968-ல் எழுதிய நூலில் வேலையை இரண்டாகப் பிரிப்பார்: ஒவ்வொரு வெட்டிலும் பொருள் கெட்டுப்போகிற அபாயம் இருக்கிற வேலை, விளைவு முன்கூட்டியே உறுதியான வேலை. கைத்தச்சு முதல் வகை. காணொளியில் அதையே பார்க்கும்போது அது இரண்டாம் வகையாகிவிடுகிறது. முடிந்த நாற்காலியை முதல் நிமிடத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அது உடையப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். அபாயம் மொத்தமும் பார்ப்பவருடைய பட்டறையில்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது: சந்தாவுக்குப் புதுசு தேவை. மாதம் பிறந்தால் புதுச் சாமான் வேண்டும். இல்லையென்றால் ஆள் கழன்றுகொள்வார். கைக்கு வேண்டியதோ பழசு. ஒரே கழுந்தை ஐம்பது தடவை வெட்ட வேண்டும். ஸ்வீடனில் நாஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் 1870-களில் 'ஸ்லாய்டு' என்ற மரவேலைக் கல்வியை வளர்த்தார். அங்கே மாதிரிப் பொருள்கள் ஒரு வரிசையில் இருக்கும். கத்தி வேலையில் தொடங்கி, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகக் கூடும். முந்தினது கைவராமல் அடுத்ததுக்குப் போக வழியில்லை. நம் பக்கத்திலும் இப்படி ஒரு முயற்சி உண்டு. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்பு, விவசாயம் போலத் தச்சும் ஒரு பாடம். அதன் செயலாளராக இருந்து உழைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஆரியநாயகம். இந்த மலையிலிருந்து இறங்கினால் வருகிற திண்டுக்கல் பக்கத்தில் 1947-ல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் வந்ததுதான். செல்லர்ஸுக்கும் வரிசை ஒன்று இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆரம்பக்காரர்களுக்கென்று 'காமன் வுட்வொர்க்கிங்' என்று தனியாக இலவசப் பாடமே வைத்திருக்கிறார். ஆனால் கட்டணப் பக்கத்தைத் திறந்தால் எதிரே நிற்பது சாமான்களின் பட்டியல்: ஆடும் நாற்காலி, கருவிப்பெட்டி, சுவர்க்கடிகாரம். பந்தியில் பாயசம் முதலில் வந்தால் யார் சோற்றுக்குக் காத்திருப்பார்கள்?

ஆசிரியர் நம் வேலையைப் பார்ப்பதில்லை என்பது எல்லோரும் சொல்கிற குறை. அதை நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும். என் இழைப்புளி சத்தத்தை அடுத்த அறையில் இருந்து கேட்ட ஆசாரி ஒருவர், மரத்தைப் பார்க்காமலேயே, "தம்பி, ரேகைக்கு எதிரா போறீக, கட்டையைத் திருப்புங்க" என்றார். அந்த 'கர்ர்' சத்தத்துக்கும் 'சர்ர்' சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் காணொளியில் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்பது அவருடைய சத்தம். நம் சத்தத்தை நமக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

இனி இந்த மலைக்குரிய விஷயம். இதைத்தான் எந்தச் சந்தாவும் சொல்லித்தராது.

காணொளிகளில் வருகிற மரங்கள் ஓக், செர்ரி, வால்நட், பாப்லர், பைன். கடைக்குப் போய் எடுத்து வருகிறார்கள். சூளையில் காய வைத்தது, ஈரம் 8 சதவீதம் போல இருக்கும். பழனி மலையில் உங்கள் கைக்கு என்ன கிடைக்கும்? மேல்மலையில் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன், சைப்ரஸ். கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக், அப்புறம் பலா. வேங்கையும் ஈட்டியும் பேச்சுக்கு உண்டு. ஈட்டிக்கென்று தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். உங்கள் தோட்டத்து மரம்தானே என்று நினைத்த நேரத்தில் வெட்டவும் முடியாது. 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். சோலை மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், தொடக்கூடாது.

மேல்மலை மரங்களின் கதை ஒரு தச்சனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வாட்டில் ஆஸ்திரேலிய மரம். பட்டையிலிருந்து தோல் பதனிடும் டானின் எடுப்பதற்காக வனத்துறை நட்டது. பைனும் யூக்கலிப்டஸும் இதேபோலத் தோட்டங்களாக நடப்பட்டவை. நடப்பட்ட இடங்களில் பெரும்பகுதி வெற்று நிலமல்ல, மலைப்புல்வெளி. 2018-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வைத்து, நாற்பது வருஷத்தில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்குக் காட்டியது. தோட்டமரங்களும் விவசாயமும்தான் காரணம். இந்த அயல்மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமும் அரசை வலியுறுத்தி வந்திருக்கிறது. ஆக, இந்த ஊரில் வாட்டில் பலகையில் ஒரு ஸ்டூல் செய்வதற்கு, இங்கிலாந்தில் ஓக்கில் செய்வதற்கு இல்லாத ஓர் அர்த்தம் இருக்கிறது. வாட்டில் இங்கே பெரும்பாலும் அடுப்புக்குப் போகிறது. இதே அகேசியா குடும்பத்து பிளாக்வுட் ஆஸ்திரேலியாவில் மேசை நாற்காலிக்கும் கித்தாருக்கும் பேர்போன மரம். நம் வாட்டில் அந்த அளவுக்கு வராது; கெட்டி அதிகம், உளி சீக்கிரம் மழுங்கும், ஒல்லிக் கட்டையாகத்தான் கிடைக்கும். ஆனால் ஸ்டூல் காலுக்கும் கருவிப் பிடிக்கும் கொட்டாப்புளிக்கும் ஒல்லிக்கட்டை போதுமே. ஒரு காணொளித் தொடர் இங்கிருந்து எடுக்கப்பட்டால் முதல் பாடமே வாட்டில் கொட்டாப்புளியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

யூக்கலிப்டஸ் வேறு மாதிரி. இங்கே இருக்கிற குளோபுலஸ் வகை காயும்போது பயங்கரமாகச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், உள்ளே செல்கள் அமுங்கிப் பலகை அலை அலையாக நிற்கும். பொறுமை இல்லாதவர் விறகுக்கு விட்டுவிடலாம். சில்வர் ஓக் நல்ல பிள்ளை. இழைக்க மெத்து. ஆரமாக அறுத்தால் மேலே பளபளவென்று செதில் செதிலாகப் படம் தெரியும். நிஜ ஓக் அறுத்தால் தெரிகிற அதே அழகு. அதனால்தான் அந்தப் பெயரே. சிலருக்கு அதன் தூளும் பாலும் பட்டால் தோல் அரிக்கும், கையுறையோ முழுக்கைச் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். செல்லர்ஸ் பைனில் காட்டுகிறதை எல்லாம் சில்வர் ஓக்கில் செய்யலாம் என்பது என் அனுபவம்.

மரம் கிடைத்துவிட்டது. இப்போது ஈரம். மரம் காற்றோடு பேசிக்கொண்டே இருக்கிற பொருள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தில் ஈரம் 9 சதவீதத்தில் நிற்கும். 65 என்றால் 12. 80 என்றால் 16. 90 என்றால் 20. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொடைக்கானலில் மேகம் வீட்டுக்குள் நடந்து வரும், ஈரப்பதம் 90-ஐத் தொடும் நாட்கள் சாதாரணம். அந்தச் சமயத்தில் ஒரு அடி அகலப் பலகையில் மேசைப்பலகை சேர்த்து, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு அனுப்பினீர்கள் என்று வையுங்கள். மதுரைக் கோடையில் அது 9 சதவீதத்துக்கு இறங்கும். பட்டையாக அறுத்த பலகை ஒவ்வொரு சதவீத ஈர இழப்புக்கும் அகலத்தில் சுமாராக 0.2 சதவீதம் சுருங்கும் என்று வைத்தாலே, 300 மில்லிமீட்டர் பலகையில் 6, 7 மில்லிமீட்டர் காணாமல் போகும். சட்டத்தில் இறுக்கி ஆணி அடித்திருந்தால் பலகை நடுவில் பிளக்கும். நீளத்தில் சுருக்கம் இல்லாத மாதிரிதான், பயப்பட வேண்டாம். அகலம்தான் எதிரி.

மரம் விரிந்து சுருங்குவதைச் செல்லர்ஸ் சொல்லாமல் இல்லை. டெக்ஸாஸில் பல வருஷம், வேல்ஸில் சில வருஷம் என்று இரண்டு விதக் காற்றிலும் வேலை செய்தவர் அவர். ஆனால் ஒரு நாளுக்குள் இரண்டாயிரம் மீட்டர் இறங்கி வேறு பருவத்துக்குள் போகிற ஒரு ஸ்டூலைப் பற்றி அவர் யோசிக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. இங்கே அது தினப்படி. இந்த ஒரு விஷயத்தில் பழைய கதவு, நிலைகளைப் பாருங்கள். ஆசாரிகள் பலகையை ஒட்டாமல், சட்டத்தில் காடி எடுத்து அதில் மிதக்க விட்டிருப்பார்கள். கட்டடக்கலை பேசுகிற நம் பழைய சாஸ்திரமான மயமதத்தில் மரங்களை இணைப்பதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. பிரச்சினை பழசு, தீர்வும் பழசு.

ஈரமானி வாங்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசு போதும். பலகையின் நடுவிலிருந்து சின்னத் துண்டு ஒன்று அறுத்து எடை பாருங்கள். அடுப்பு ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காயவிடுங்கள். இறங்கிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம். அதுவும் முடியாதென்றால், முழுப் பலகையையே வாரம் ஒரு தடவை நிறுத்து, சுவரில் எழுதி வையுங்கள். எடை நின்றால் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்று சொல்வார்கள். மேல்மலையில் அதற்கும் மேலே ஆகலாம்.

அடுத்தது மேசை. எல்லாக் காணொளிப் பத்திரிகையும் மேசையிலிருந்து தொடங்குகிறது. வைஸ் பொருத்திய, அசையாத பெரிய மேசை. செல்லர்ஸ் தோட்டத்தில் நின்றபடி, கட்டடத்துக்கு வாங்குகிற சாதா மரத்தில் மேசை செய்து காட்டுவது அருமையான தொடர்தான். ஆனால் அந்த மேசை இல்லாமல் தச்சு இல்லை என்கிற எண்ணத்தையும் கூடவே விற்கிறார்கள். நம் ஆசாரிகளில் எத்தனை பேர் தரையில் உட்கார்ந்து, பாதத்தால் கட்டையை அழுத்திப் பிடித்து, கதவு நிலை முழுசையும் முடித்திருக்கிறார்கள்! அவர்களுடைய வைஸ் கால் கட்டைவிரல்தான். அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போனால் பட்டறையும் கூடவே நடந்து போகும். நான் தரை வேலையைக் கொண்டாடவில்லை. ஐம்பது வயசில் அந்த முதுகுகள் என்ன பாடுபடுகின்றன என்று தெரியும். ஆனால் மேசைக்குக் காசு சேரும்வரை காத்திருப்பவர், ஒரு கோணிச்சாக்கை விரித்து இன்றைக்கே உட்கார்ந்துவிடலாம். இதைச் சொல்ல ஒரு காணொளியும் நான் பார்க்கவில்லை.

இங்கேதான் விமர்சனத்தில் எனக்கே இரண்டு மனசாக இருக்கிறது. ஆசாரி பட்டறையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தேன் தடவிப் பேசுகிறோம். தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி என்ற ஐந்தொழிலும் பிறப்பால் அடைபட்டிருந்தது. மகனுக்கும் மருமகனுக்கும்தான் உளி கைமாறும். வெளிச்சாதிப் பையன் திண்ணையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். பெண் என்றால் அந்த வேடிக்கையும் கிடையாது. எடுபிடியாக வருஷக்கணக்கில் வைத்திருந்து, முக்கியமான அளவைக் கடைசிவரை சொல்லாமல் போன ஆசான்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஜாதகம் கேட்காமல், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று ஒருவர் முழுசாக, மறைக்காமல் சொல்வது சின்ன விஷயமில்லை. மலையில் ஒரு தங்குவிடுதியில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் போனில் பார்த்துப் பார்த்தே சில்வர் ஓக்கில் அஞ்சறைப் பெட்டி செய்திருந்ததை எடுத்துக் காட்டினார். மூலையில் புறாவால் கொஞ்சம் இளித்துக்கொண்டுதான் இருந்தது. அவரை எந்தப் பட்டறையும் உள்ளே விட்டிருக்காது.

ஆனால் காணொளிப் பத்திரிகையின் வாசலிலும் காவல்காரன் உண்டு. பிறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டான். ஆங்கிலமும் கார்டும் கேட்பான். 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பிடித்தமாகிற மாதச் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது. முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் அனுமதி வாங்க வேண்டும். விதியின் நோக்கம் நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுச் சின்னத் தளங்கள் பலவற்றில் இந்திய கார்டுகள் அதன்பின் மாதாமாதம் தடுக்கி விழுந்தன. அஞ்சறைப் பெட்டி செய்த அந்தப் பெண் பார்த்தது முழுக்க இலவசக் காணொளிகள். மாக்சன் காலத்தில் மாத வெளியீட்டை வாங்க முடிந்தவர் யார் என்ற கேள்வியும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மொழி இன்னொரு இழப்பு. டாடோ, டெனன், மார்ட்டிஸ் என்று நாக்கு பழகிவிடுகிறது. காடி, கழுந்து, கொட்டாப்புளி, மூலைமட்டம், வாய்ச்சி எல்லாம் ஆசாரி வாயில் மட்டும் மிச்சம். மரக்கடையில் போய் 'ஹார்ட்வுட்' கேட்டால் விழிப்பார்கள். 'வைரம் பாஞ்ச கட்டை' என்றால் எடுத்துப் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுக் காணொளிகளில் பயபக்தியோடு கரைத்துப் பூசுகிற ஷெல்லாக், நம் நாட்டு அரக்குப் பூச்சியின் விளைச்சல். ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து போவது. இங்கே பழைய ஆசாரிகளுக்கு அது பிரெஞ்சு பாலிஷ். துணிப்பந்தை எப்படி உருட்டித் தேய்ப்பது என்று அவரைக் கேட்டாலே சொல்வார்.

தமிழில் தச்சுக் காணொளிகள் ஏராளமாக வருகின்றன. நான் பார்த்தவரை முக்கால்வாசி பிளைவுட், லாமினேட், சதுர அடி விலை. முடிந்த அலமாரியைப் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள், கை தெரியாது. செய்பவரின் தொழில் அது, விளம்பரம் அவருக்கு வேண்டும், அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் கற்க வருகிறவருக்கு அதில் பிடி கிடைக்காது. தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ ஓர் ஆசாரியின் கைக்குப் பக்கத்தில் கேமராவை வைத்து, அவர் பேச்சை வெட்டாமல், ஒரு நிலைக்கதவை முதலிலிருந்து கடைசிவரை எடுத்தால் பத்து மணி நேரம் வரும். அதற்கு நான் சந்தா கட்டுவேன். அந்தக் காசில் பாதி அவருக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அதுவரை இருப்பதை வைத்துச் சமாளிக்க, கேட்பவர்களுக்கு நான் சொல்கிற யோசனை இது. சந்தாவை ஜனவரியில் கட்டுங்கள், மார்ச்சோடு நிறுத்துங்கள். மலை காய்ந்திருக்கும் மாதங்கள் அவை. ஒட்டு சீக்கிரம் பிடிக்கும், பலகை அடங்கி நிற்கும். மூன்று மாதமும் ஒரே ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராயர் வைத்த சின்னப் பெட்டி ஏதாவது. ஒவ்வொரு பகுதியையும் ஒரு தடவை பாருங்கள், இரண்டாம் தடவை பார்க்குமுன் உளியைக் கையில் எடுங்கள். ஒரு இணைப்பைக் கழிவுக்கட்டையில் பத்துத் தடவையாவது வெட்டிய பிறகு நல்ல பலகையைத் தொடுங்கள். டிராயர் அளவை மட்டும் காணொளியில் சொல்கிறதைவிட உயரத்தில் ஒரு நூல் குறைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மழை பிடித்ததும் அந்த டிராயரை இழுத்துப் பாருங்கள். வராது, அல்லது முனகிக்கொண்டு வரும். இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பக்கப்பலகையில் எந்த இடம் உரசுகிறது என்று பென்சிலால் குறித்து வைத்தால் போதும். தை பிறந்து காய்ந்து, டிராயர் தானாகக் கழன்று வரும். அப்போது அந்தப் பென்சில் குறி இருக்கிற இடத்தை மட்டும் இரண்டு இழைப்பு இழைத்துவிடுங்கள்.